பிரபுவின் லாயத்தில் பிறந்த பாட்டுகள்

வீசன்பாக்
1743 அக்டோபர் 11

தம்பி லெபரெக்டுக்கு,

அப்பாவை நேற்று அடக்கம் செய்துவிட்டோம். நீ வந்துவிடுவாய் என்று போதகர் மணியடிக்க விடாமல் பொறுத்துப் பார்த்தார். மழை வலுத்துவிட்டது. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் நனைந்துகொண்டே நின்றார்கள். கடைசியில் நான்தான், "போதும் ஐயா, இனி யாரும் வரப்போறதில்ல" என்று சொன்னேன்.

கோயிலில் ஆர்கன் வாசிக்க ஆளில்லை. இந்த ஊரில் செத்த ஒவ்வொருவருக்கும் வாசித்து வழியனுப்பியவர், தனக்கு வாசிக்க ஒருவரும் இல்லாமல் போனார். எனக்குத் தெரிந்ததை நான் வாசித்திருப்பேன். ஆனால் பெண்பிள்ளை ஆர்கன் மாடத்தில் உட்காரக் கூடாதாம். தையற்காரர் பாட்டை எடுத்துக் கொடுத்தார். எட்டாத உயரத்தில் எடுத்துவிட்டார். பாதியில் எல்லோருக்கும் தொண்டை அடைத்தது. அதை அழுகை என்று நினைத்துக்கொண்டோம்.

கடைசி வாரம் அப்பாவுக்குப் பேச்சில்லை. கதவு சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் திருப்புவார். யாரைத் தேடினார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

உன் கடிதம் கிடைத்தது. "அனுமதி கிடைக்கவில்லை." இரண்டே சொல். பிரபுவின் மகள் கல்யாணத்துக்கு மெட்டுப் போடுகிறவனுக்குக் கை ஒழியவில்லை போலிருக்கிறது. அப்படி என்னதான் மெட்டுப் போடுகிறாயோ. உன் பாட்டு ஒன்றுகூட அரண்மனையைத் தாண்டி வந்ததில்லை. அப்பா கேட்காமலே போய்விட்டார்.

இன்னொரு சங்கதி. நகரசபை கூடி முடிவு செய்திருக்கிறது. புதிதாக வரும் ஆர்கன்காரர் என்னைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். பழைய வழக்கம்தான், புதிதில்லை. வேலை, வீடு, நான், மூன்றும் ஒரே சாவிக்கொத்தில். தலைவர் ஸ்டெக்மான் வந்து, "உனக்கும் ஒரு நிழல் வேணுமே சிபில்லா" என்றார். எனக்கு நாற்பது நடக்கிறது. மாட்டேன் என்றால் வசந்தத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

தெரிந்துகொள்வதற்காக எழுதினேன். பதிலுக்காக இல்லை.

சிபில்லா


ஃபால்கன்ரோட் அரண்மனை
அக்டோபர் 24

அன்புள்ள அக்கா,

எதையும் நியாயப்படுத்தப் போவதில்லை. அனுமதி கிடைக்கவில்லை. அதற்கு மேல் எழுதினால் புலம்பலாகிவிடும்.

என்னதான் மெட்டுப் போடுகிறாய் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அரண்மனைச் சாப்பாட்டு மேசையில் தலைமைச் சமையல்காரருக்கு மேலே, வேட்டைத் தலைவருக்குக் கீழே எனக்கு இடம். நீலச் சீருடை. காலையில் பிரபு எழுந்ததும் வாசலில் நின்று, இன்றைக்கு என்ன வேண்டும் என்று கேட்பேன். சிற்றுண்டிக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒன்று, மான் நிறைய விழுந்த நாளில் அதற்கும் ஒன்று. பிரபு புல்லாங்குழல் வாசிப்பார். மூச்சு போதாது. அவர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் வயலின்களுக்கு வேலை வைத்து எழுதிவிடுவேன். "எவ்வளவு பொருத்தமாக விட்டுக்கொடுத்து வாசிக்கிறார்!" என்று விருந்தாளிகள் புகழ்வார்கள். எல்லாம் அவருக்குச் சொந்தம். வெளியே ஒரு தாள் போகக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்படியும் சில நல்லவை வந்திருக்கின்றன அக்கா. அவர் வாசிக்காத பாட்டுகளில்.

நான் ஒன்று யோசித்திருக்கிறேன். அப்பாவின் இடத்துக்கு நானே விண்ணப்பிக்கிறேன். மகன் கேட்டால் சபை மறுக்காது. நீ அந்த வீட்டில் உன் இஷ்டப்படி இருக்கலாம். யாருக்கும் சாவியோடு சேர்ந்து போக வேண்டாம். அம்மா போன பிறகு உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த மாடப்படி ஏறினேன். அதை நான் மறக்கவில்லை.

உன் தம்பி
லெபரெக்ட்


வீசன்பாக்
நவம்பர் 15

தம்பிக்கு,

நீ வர வேண்டாம். அப்பாவுக்கு வராதவன் எனக்காக வந்தால் நான் எந்த முகத்தோடு சூப் ஊற்றுவேன்? என் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே பெண் பார்க்கும் படலம் நடக்கிறது. முதலில் ஆர்கனைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னை. முதல் ஆள் எர்ஃபுர்ட்டிலிருந்து வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். அவன் வாசித்தபோது போதகருக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நான் கதவைத் திறந்தேன்.

"வணக்கம் அம்மா! உங்க பொண்ணு எங்க?"

"பொண்ணா? நான்தான்பா பொண்ணு."

அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ரொட்டி கேட்டவன் கையில் கல்லை வைத்தது போல. வண்டி காத்திருக்கிறது என்றான். எந்த வண்டி? நடந்து வந்தவன். கை நனைக்காமல் ஓடினான்.

இரண்டாவது ஆள் பெண்சாதியை இழந்தவர், ஐந்து பிள்ளைகள். கோதுமை அடிக்கிற மாதிரி ஆர்கனை அடித்தார். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, நிலவறைக்குள் இறங்கினார். முட்டைக்கோஸ் பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். மேலே வந்து, "நீ கொஞ்சமாச் சாப்பிடற பொம்பளையா?" என்று கேட்டார்.

"துக்கத்துல குறைச்சல்தான். கல்யாணம்னு ஆனா ரொம்பச் சாப்பிடுவேன்" என்றேன்.

அவரும் வரவில்லை.

உன்னிடம் கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. சிரிப்பை எழுத வேறு ஆளில்லை, அவ்வளவுதான். மார்ட்டின் திருநாளுக்கு வழக்கமாகச் சுடும் வாத்தை வைத்துக்கொண்டு நான் ஒருத்தி என்ன செய்வது? எதிர்வீட்டாருக்குக் கொடுத்துவிட்டேன். நீ அந்த நீலச் சீருடைக்குள் கம்பளிச் சட்டை போடுகிறாயா?

சிபில்லா


ஃபால்கன்ரோட்
டிசம்பர் 19

அன்புள்ள அக்கா,

கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. மேசை இல்லை. மடியில் வைத்து எழுதுகிறேன். அரண்மனைக் காவல் கொட்டடியில் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. பட்டாணிச் சூப் தருகிறார்கள், சூடாகவே வருகிறது. எங்கள் குழுவில் இரண்டாம் வயலின் வாசிக்கும் வென்செல் என்ற பொஹீமியாக்காரர் தாளும் மையும் கொண்டுவந்து கொடுத்தார்.

நீ வர வேண்டாம் என்று எழுதினாய். உன் பேச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன்? பிரபுவிடம் விடுப்புக் கேட்டேன், ஒரேயடியாக. காலைச் சிற்றுண்டி நேரம். நல்ல மனநிலையில்தான் இருந்தார்.

"எங்க போகப் போறே?"

"சொந்த ஊருக்கு, பிரபு. அப்பாவோட ஆர்கனுக்கு."

"தையக்காரனும் கசாப்புக்காரனும் கேக்கறதுக்கா நான் உன்னை இத்தனை வருஷம் வளர்த்தேன்? அங்க என்ன இருக்கு?"

"அக்கா இருக்கா."

சிரித்தார். "சரி, போயேன். ஆனா இங்க எழுதின ஒரு தாள்கூட உன்கூட வராது. என் லாயத்துல பொறந்த குட்டி யாருது? நீயே சொல்லு."

"குட்டி உங்களோடதுதான் பிரபு."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "ஆனா வலி குதிரையோடது" என்றேன்.

அறையில் பரிமாறிக்கொண்டிருந்தவன் சாக்லேட் ஜாடியைக் கீழே வைத்துவிட்டான். பிரபு கையை மட்டும் அசைத்தார். அன்று மாலையே இங்கே கொண்டுவந்தார்கள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு இங்கேயே இருந்தால் பழையபடி எல்லாம் உண்டு. போவதென்றால் பாட்டுகள் அனைத்தையும் விட்டுவிடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். உன் வீடு பறிபோகாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது.

கிறிஸ்துமஸுக்கு யார் ஆர்கன் வாசிப்பார்கள்?

லெபரெக்ட்


வீசன்பாக்
1744 ஜனவரி 28

என் கண்ணே லெபரெக்ட்,

உன்னைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். கம்பளி வியாபாரியின் வண்டிதான் திரும்பும்போதும் கிடைத்தது. வழியெல்லாம் பனி.

அவ்வளவு தூரம் வந்து நான் பேசியதென்ன? ஏன் இப்படி இளைச்சுட்டே, ஏன் தாடி வளர்த்திருக்கே, காவல்காரன்கிட்ட கம்பளி கேக்க வாய் இல்லையா என்று திட்டிவிட்டு வந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நீ சிரித்துக்கொண்டே நின்றாய். அப்பா மாதிரி இருந்தாய். அது தாங்காமல்தான் இன்னும் திட்டினேன்.

வெளி வாசல்வரை வென்செல் துணைக்கு வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, உங்க தம்பிமேல கோபமா இருக்கீங்கன்னு தெரியும். உங்கப்பா கிடையில இருந்தப்ப இவர் திரும்பத் திரும்ப லீவு கேட்டார். கடைசியில பிரபு வேட்டைக்குக் கிளம்பறப்ப குதிரைக்கு முன்னாடி மண்டி போட்டுட்டார், சேத்துல. பிரபு சுத்திக்கிட்டுப் போயிட்டார். இவர் அந்தச் சேத்துக் காலோட வந்து உக்காந்து கல்யாணப் பாட்டை எழுதினார். நாங்க யாரும் அவர் முகத்தைப் பார்க்கல. பார்க்க முடியல."

ஏன்டா என்னிடம் சொல்லவில்லை? "அனுமதி கிடைக்கவில்லை" என்ற இரண்டு சொல்லுக்குள்ளே அத்தனையையும் வைத்துத் தைத்து அனுப்பினாயே, நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பேன்? அப்பாவின் கல்லறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். பனியில் நின்று ஒருத்தி தனக்குத்தானே பேசுகிறாள் என்று ஊர் பேசும். பேசட்டும்.

இப்போது நான் அங்கே வைத்துச் சொல்ல வெட்கப்பட்ட விஷயம்.

டிசம்பரில் மூன்றாவது ஒருவர் வந்தார். கிலியன் ரோய்ஸ்னர், பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர். என் வயதுதான் இருக்கும். வாசிப்பு நல்லதுமில்லை, மோசமுமில்லை. காலால் மிதிக்கும் கட்டைகளில் தடுக்கினார். அப்பா இருந்திருந்தால் இருமியிருப்பார். முடிந்ததும் ஸ்டெக்மான் வழக்கம்போல, "பொண்ணைக் கட்டிக்கச் சம்மதம்தானே?" என்றார்.

"என்னைக் கேக்கறீங்க. அவங்களைக் கேட்டாச்சா?"

"அவளை எதுக்குக் கேக்கணும்? வீட்டோட வர்றவ."

"அப்ப எனக்கு வேலையே வேண்டாங்க. நான் ஆர்கன் வாசிக்க வந்தேன். ஆள் பிடிக்க வரல."

தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். நான் கோயில் கதவருகில்தான் நின்றிருந்தேன். எனக்கு என்ன ஆனதோ, பாலம்வரை ஓடினேன். மூச்சு வாங்கியது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சூப் ஆறுது. குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

"என்ன சூப்?"

"பார்லி."

"பார்லின்னா வரேன்" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு அவரேதான் வந்து வாசித்தார், சும்மா, உதவிக்கு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நடந்தே வருகிறார். போன வாரம் என்னிடம் கேட்டார். சபையிடம் இல்லை, என்னிடம். சரி என்று சொல்லப்போகிறேன்.

நன்றாகக் கேட்டுக்கொள். இது தியாகம் இல்லை. வீட்டுக்காகவும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இந்த வயதில் இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஆகவே எனக்காக நீ உன் பாட்டுகளை விட்டுக்கொடுக்காதே. என்னைக் காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பும் முன் காப்பாற்ற வேண்டுமா என்று என்னைக் கேட்டாயா? மன்னிப்புக் கேள், இந்தக் குளிர் உன்னைப் படுக்க வைக்கும் முன் வெளியே வா.

அக்கா


ஃபால்கன்ரோட்டுக்கு வெளியே, விடுதி
பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வரும்முன் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு நாள்தான் வித்தியாசம். நெஞ்சில் அடித்துக்கொள்ளாதே, முழுவதும் படி.

உனக்காகத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கடிதம் அந்தச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டது. சாக்கு போன பிறகும் போக வேண்டும் போலவே இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, நான் எனக்காகத்தான் குதிரைக்கு வலித்தது என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே கணக்கில் உன் பெயர் இல்லை. கிலியனைக் கட்டிக்கொள். பார்லி சூப்புக்காகத் திரும்பி வந்த மனிதர் நல்லவராகத்தான் இருப்பார்.

பாட்டுகளை எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். ஆராதனைப் பாடல்கள், இசை நாடகங்கள், புல்லாங்குழலுக்கு எழுதியவை எல்லாவற்றையும் துணி மடிப்பதுபோல மடித்துக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பிரபு மகளின் கல்யாணத்துக்கு எழுதியதும் அதில் இருந்தது. அதில் நடுவே மெதுவாகப் போகும் ஒரு பாட்டு உண்டு. அதை மணப்பெண்ணுக்காக எழுதவில்லை. யாருக்காக என்று நீயே தெரிந்துகொள்வாய்.

பிறகு வேதப்புத்தகத்தில் கைவைக்கச் சொன்னார்கள். இங்கே பிறந்த எதையும் நினைவிலிருந்து மறுபடி எழுதுவதில்லை, எழுதி யாருக்கும் கொடுப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அழுவேன் என்று நினைத்தேன். வரவில்லை. வாசலைத் தாண்டி ஆற்றோரம் நடக்கும்போது ஒரு மெட்டு வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். இது புதிதா, உள்ளே பூட்டியதா? பாடிப் பாடிப் பார்த்தேன். சந்தையிலிருந்து திரும்பிய ஒருத்தி, "ஐயா, வழி தெரியலையா?" என்று கேட்டாள். "தெரியல அம்மா" என்றேன்.

புதிதுதான் அக்கா. கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன்.

விஸ்மாரில், கடலோரம், ஒரு சிறிய கோயிலுக்கு ஆர்கன்காரர் வேண்டுமாம். அப்பாவின் பழைய மாணவர் ஒருவர் அங்கே இருக்கிறார், எழுதியிருக்கிறார். பிரபுவின் கை அங்கே எட்டாது. கேட்க மாலுமிகளும் மீன்காரிகளும் இருப்பார்கள்.

போகிற வழியில் உன் கல்யாணத்துக்கு வரலாமா? இந்த முறை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உன்னைத் தவிர.

லெபரெக்ட்


வீசன்பாக்
ஆகஸ்ட் 30

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய உப்புமீன் வந்தது. வாடை தெருமுனைவரை போனது. எதிர்வீட்டுக்காரி யார் செத்தது என்று கேட்டுவிட்டாள். ருசியாக இருந்தது, பொய் சொல்வானேன். நம் ஊர்ப் புது ஆர்கன்காரர் கிலியன் இரண்டு தட்டு சாப்பிட்டார். கால்கட்டைகளில் இப்போது அவ்வளவாகத் தடுக்குவதில்லை. நீ கல்யாணத்தன்று சொல்லிக்கொடுத்ததை விடாமல் பழகுகிறார்.

போன செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தோளில் பெட்டியோடு ஒருவர் நின்றார். வென்செல்! அவரும் வேலையை விட்டுவிட்டாராம். பொஹீமியாவுக்கு, அம்மாவிடம் போகிறார். உன் இடத்துக்கு வந்தவர் பிரபு மூச்சு வாங்க இடம் விடாமல் எழுதுகிறாராம். பிரபு பாதியில் இருமிக் குழலைத் தூக்கி எறிந்துவிட்டாராம். அவர் அதைச் சொல்லச் சொல்ல நாங்கள் சிரித்தோம்.

சாப்பிட்ட பிறகு நான் கேட்டேன். "என் தம்பி பாட்டை நான் கேட்டதே இல்ல. ஏதாவது ஒண்ணு வாசியுங்களேன்."

அவர் தயங்கினார். "தாள் ஒண்ணும் இல்லம்மா. விரல்ல இருக்கறதுதான். அதுவும் நான் இரண்டாம் வயலின். மெட்டு என்கிட்ட இல்ல. மத்தவங்க பாடறப்ப கீழே தாங்கிப் பிடிக்கறதுதான் என் பங்கு. தனியா கேட்டா ஒண்ணுமே இருக்காது."

"இருக்கறதை வாசியுங்க."

பிரபு மகளின் கல்யாணத்துக்கு எழுதியதில் மெதுவாகப் போகும் பாட்டைத் தேர்ந்தெடுத்தார். நான் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, அவராகவே எடுத்தார். ஒரே சுரம் நீண்டு நின்றது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி நின்றது. திடீரென்று வில்லைத் தூக்கிவிட்டுச் சும்மா இருந்தார்.

"என்ன ஆச்சு?"

"இந்த இடத்துல எனக்கு வேலை இல்ல. இங்க பாடறவங்க தனியா பாடுவாங்க."

"என்ன பாடுவாங்க?"

"சொல்லத் தெரியல அம்மா. ரொம்ப நல்லா இருக்கும்."

சமையலறைத் தரையில் அவர் காலால் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நானும் கிலியனும், அங்கே யாரோ பாடுகிறார்கள், நமக்குத்தான் கேட்கவில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவர் வில்லைத் தந்தியில் வைத்தார். அந்த ஒற்றைச் சுரம் திரும்பி வந்தது. யாரையோ கைத்தாங்கலாகப் படியிறக்குவது போல இருந்தது. லெபரெக்ட், அப்பாவை நாங்கள் தையற்காரரின் தொண்டையடைப்போடு அனுப்பினோம் என்று எனக்கு இத்தனை மாதம் ஒரு முள். அது அந்த நிமிஷம் கழன்றது. நீ அந்த வாரம் எங்கே இருந்தாய் என்று தெரிந்துவிட்டது. அப்பா பக்கத்தில்தான் இருந்திருக்கிறாய்.

மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னேன். கிலியன் பழைய கிளாவிகார்டின் கட்டைகள் முன் உட்கார்ந்து கீழ்ச்சுரம் இப்படி இருக்கலாமோ என்று தேடினார். வென்செல் சும்மா இருக்கும் இடம் வந்தபோது, சிரிக்காதே, நான் பாடினேன். என் வாயில் வந்ததைப் பாடினேன். முடிந்ததும், "இதுதானா?" என்று வென்செலைக் கேட்டேன்.

"இது இல்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா நிறுத்தாதீங்க" என்றார்.

உண்மையான மெட்டு எனக்கு வேண்டும். எழுதுவதில்லை என்றுதானே உன்னிடம் சத்தியம் வாங்கினார்கள்? பாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. குளிர் தொடங்கும் முன் வா. மாடியறையில் படுக்கை போட்டுவைத்திருக்கிறேன்.

உன் அக்கா
சிபில்லா